வேலியில் ஆள் இல்லை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். மெல்பேர்ன் பக்கத்தில் முளையை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விளைந்து முடிந்ததை நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அங்கே சனிக்கிழமைகளில் பதினேழு வயதுப் பையன்கள் நீள்வட்டப் பந்தை வைத்துக்கொண்டு தங்கள் நாட்டுக் கால்பந்தை ஆடும்போது, அவர்கள் பிற்காலத்தில் ஆகப்போகும் கிழவர்கள் திடலைச் சுற்றியுள்ள வெள்ளை வேலியோரமாக வந்து நிற்பார்கள். ஒரு பையனுக்கு ஒரு கிழவர். சிலர் காரில் வருவார்கள், சிலர் பஸ்ஸில். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பது மரியாதை இல்லை. வாசலில் அவர்களுக்கு முதியோர் சலுகைச் சீட்டு கொடுக்கிறார்கள்.

கனகேந்திரன் பதினொரு வருடமாக ஒரு பெரிய கழகத்துக்கு ஆள் பார்த்துக் கொடுக்கிறார். வருடக் கடைசியில் கழகங்கள் எல்லாம் ஒரு மண்டபத்தில் கூடி, முறை வைத்து ஒவ்வொரு பையனாகப் பெயர் வாசித்து எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த நாளுக்கு முன்னால் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. பந்தைப் பார்த்ததைவிட அவர் முழங்காலைப் பார்த்ததுதான் அதிகம். கிழவர் காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொள்கிறாரா? விரல்கள் நேராக இருக்கின்றனவா? தேநீர் ஆறுவதற்குள் ஒரே கதையை இரண்டு தடவை சொன்னால், அந்தப் பையன் தலையில் நிறைய அடி வாங்கப்போகிறான் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நேரடியாக எதையும் கேட்கக் கூடாது. நீங்கள் யார் என்று கேட்டால், "சும்மா காற்று வாங்க வந்தேன்" என்பார்கள். எல்லோருமே அதைத்தான் சொல்வார்கள். அவர்களுடைய பண்பு அப்படி.

எந்தக் கிழவர் எந்தப் பையனுக்கு உரியவர் என்று கண்டுபிடிப்பதில்தான் தொழிலே இருக்கிறது. முகச்சாயலை நம்பவே கூடாது. ஐம்பது வருடம் ஒரு மூக்கை என்ன பாடுபடுத்தும் என்று யாருக்குத் தெரியும்? நிறம், உயரம், தலைமயிர் ஒன்றையும் நம்பக் கூடாது. கண்ணைப் பார்க்க வேண்டும். பையன் பந்தைத் தவறவிடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவனுடைய கிழவர் கண்ணை மூடிக்கொள்வார். அவர் அதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர் அல்லவா? மூன்று தடவை அப்படி மூடினால் ஆள் இவர்தான் என்று எழுதிவிடலாம்.

சில பையன்களுக்கு யாரும் வருவதில்லை. முதல் இரண்டு வாரம் பஸ் பிந்தியிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். பிறகு கோப்பில் 'வேலியில் ஆள் இல்லை' என்று எழுதுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட பையனை எந்தக் கழகமும் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

நிதுர்சனுக்கு எட்டு வாரமாக யாரும் வரவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு பெடியனைக் கனகேந்திரன் பதினொரு வருடத்தில் பார்த்ததில்லை. ஆறடி மூன்று அங்குலம். அந்த ஆட்டத்தில் அடுத்தவன் தோளில் ஏறுவது குற்றமில்லை. எதிராளியின் தோளில் முழங்காலை வைத்து எழும்பினானென்றால், கீழே நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். பந்தை அங்கேயே பிடித்துக்கொண்டு, தான் மிதித்த எதிராளியிடம் மன்னிப்புக் கேட்டபடி இறங்குவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் கனகேந்திரனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். உடனே வேலியைப் பார்ப்பார். நிறைந்தது வடிந்துவிடும்.

அவனுடைய தாய் சுகிர்தா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். வீட்டில் தாயும் மகனும் மட்டும்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் மீன் ரோல் செய்து இரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவாள். ஒன்று பதினேழு வயது மகனுக்கு. மற்றது எழுபது வயது மகனுக்கு. இரண்டாவதில் உறைப்பைக் குறைத்துவிடுவாள்.

"அண்ணை, இண்டைக்கும் வரேல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி. பஸ் பிந்தியிருக்கும்."

"எட்டுக் கிழமையாப் பிந்துற பஸ் எங்கயண்ணை ஓடுது?"

கனகேந்திரன் பார்வையைத் திருப்பினார். திடலின் மறு பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாய், தன்னைவிட இருபது வயது மூத்த மகனுக்குக் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அங்க பாருங்கோ," என்றாள் சுகிர்தா. "எனக்கு டிராஃப்டும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம். இவன் கிழவனாப் போனா எப்பிடி இருப்பான் எண்டு ஒருக்காப் பாத்தாக் காணும். அந்த வயசில நான் இருக்க மாட்டன்தானே. மற்றத் தாய்மாரெல்லாம் பாக்கினம்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள்.

ஒன்பதாம் வாரம் மழை. கனகேந்திரன் வழக்கமாக நிற்கிற இடத்தில், ஸ்கோர் பலகைக்குக் கீழே, வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சுகிர்தா வந்து, வீணாகத்தானே போகிறது, நீங்களாவது சாப்பிடுங்கோ என்று இரண்டாவது பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவர் சாப்பிட்டார். நல்ல ரோல். உறைப்புத்தான் காணாது.

அன்று நிதுர்சன் கோல் கம்பத்தை நோக்கி மூன்று தடவை உதைக்க ஓடினான். மூன்று தடவையும் பந்து கையை விட்டுக் காலுக்கு இறங்கும்போதே ஒரு விரற்கடை விலகி, கம்பத்துக்கு வெளியே போனது. அது போகும் என்று அவன் ஓடத் தொடங்கிய விதத்திலேயே கனகேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது. பதினொரு வருடம் பையன்களின் காலைப் பார்த்தவர் அல்லவா? ஐயோ என்று மூன்று தடவையும் முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டார். வாயில் ரோல் இருந்தது.

எதிர்ப்பக்கம் நாலு கழகங்களின் ஆட்கள் குடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். நாலு பேரும் குறிப்பேட்டைத் திறந்தார்கள்.

திங்கட்கிழமை கழகத்துக் கூட்டத்தில் தலைமை ஆள்தேடுநர் பிரெண்டன் கோப்பை மூடிவிட்டுக் கனகேந்திரனைப் பார்த்தார். பிரெண்டன் நல்ல மனிதர். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான்.

"எங்களிடம் சொல்லியிருக்கலாம், கென்," என்றார். கனகேந்திரனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"எதை?"

"மற்றக் கழகங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. முழங்கால் நல்லது, தலைமயிர் முழுதாக இருக்கிறது, பசி எடுத்துச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறார்கள். எழுந்து கொஞ்சம் நடந்து காட்டுகிறீர்களா?"

கனகேந்திரன் நடந்து காட்டினார். பிறகு, தான் அந்தப் பையனுடைய கிழவர் இல்லை என்றும், வேலை விஷயமாகத்தான் வேலியில் நின்றதாகவும் விளக்கினார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். வேலிக் கிழவர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தானே.

"எனக்கு ஐம்பத்தெட்டு வயதுதான்," என்றார்.

"கொஞ்சம் முந்தி வந்துவிட்டீர்கள். குற்றமில்லை."

"நான் அஞ்சடி ஐந்து. அவன் ஆறடி மூன்று."

"வயதானால் ஆள் குறுகுவது இயல்பு," என்று சொல்லிவிட்டுப் பிரெண்டன், பத்து அங்குலம் குறைவு என்று குறித்துக்கொண்டார்.

"நான் யாழ்ப்பாணத்தில், கரவெட்டியில் பிறந்தவன், பிரெண்டன்."

"எல்லோரும் எங்கேயோ பிறந்தவர்கள்தான்," என்றார் பிரெண்டன் அன்பாக. பிறகு ஒரு படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். வாயால் என்ன மறுத்தாலும், வேலியில் நிற்பவருடைய கையெழுத்து இல்லாமல் எந்தப் பையனுடைய பெயரையும் மண்டபத்தில் வாசிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கனகேந்திரன் டண்டினோங்கில் இருந்த சுகிர்தாவின் வீட்டுக்குப் போனார். உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். அவள் அவரைச் சமையலறைக் கதிரையில் இருத்தி, விளக்கைப் போட்டு, அவருடைய இடது புருவத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நாலு வயசில மூண்டு சில்லுச் சைக்கிளால விழுந்தவன். தழும்பு இருக்க வேணும். இல்லை."

"நான் அவனில்லைத் தங்கச்சி. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"எனக்குத் தெரியும். நீங்கள் கண்ணை மூடேக்கயே தெரியும். அது வாத்தியார் கண்ணை மூடுற மாதிரி இருந்தது." அவள் தேத்தண்ணீர் ஊற்றினாள். "அண்ணை, நான் வேலை செய்யிற இடத்தில பன்னிரண்டு பேருக்கு நான்தான் மகள். பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓம் அப்பா, ஓம் அம்மா எண்டு போய் நிப்பன். ஒருத்தரும் என்னைப் பெத்தவை இல்லை. நிண்டு நிண்டு இப்ப நான் மகள்தான். எனக்கு அவையின்ர பிள்ளையளின்ர பள்ளிக்கூடமெல்லாம் ஞாபகம் வருது. ஆரோ ஒராள் வந்து நிக்க வேணும் அண்ணை. நிண்டாத்தான் அது ஒரு இடம்."

நிதுர்சன் குளித்துவிட்டு வந்து கதவில் சாய்ந்துகொண்டு கனகேந்திரனை மேலும் கீழும் பார்த்தான்.

"அங்கிள், நான் இவ்வளவு கட்டையாப் போவேனா?"

"இன்னும் முடிவாகேல்லை."

அவன் ஈரத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டான். "பரவாயில்லை," என்றான். "ஆள் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லீனம் இல்லை அங்கிள். கேட்டா எல்லாரும் வேற கதை கதைக்கினம்." கனகேந்திரனும் தேத்தண்ணீர் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார். பிறகு அதற்காக வெட்கப்பட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் பதிவு அலுவலகத்தில் ஒரு பெண் படிவத்தை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, அவருக்கு விதிகளை வாசித்துக் காட்டினாள். கையெழுத்து வைத்தவர் வேலியில் நின்றாக வேண்டும். வேலியில் ஆள் நின்றால் பையன் என்றைக்காவது அங்கே வந்து சேர்ந்தாக வேண்டும். அதில் விலக்குக் கிடையாது.

"அப்படியென்றால் அவன் கிழவனாவான்?"

"ஆகாமல் முடியாது. நீங்கள்தான் நிற்கிறீர்களே." அவள் பக்கத்தைத் திருப்பினாள். "ஆனால் ஒரு முதுமைக்கு ஓர் இளமைதான். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதை இங்கே ஒப்படைத்துவிட வேண்டும். சரியாகச் சொன்னால் இருபது வயது வரைக்கும்."

"ஒப்படைத்தால்?"

"ஞாபகம் இருக்காது. கடைசிப் பக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அந்தப் பையனுடைய முதுமைக்குப் போய்விட்டால், உங்களுடைய முதுமை காலியாகும். அதற்கு ஒரு பெயர் எழுத வேண்டும். காலி இடத்தை வைத்திருக்க இங்கே அலமாரி இல்லை."

அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்தார். மணி ஒன்றரை.

கொடுக்கிற அளவுக்குத் தன் இளமையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். அம்மாவின் குரல் இருந்தது. அது போனால் போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடம், பருத்தித்துறைக் கடல், முதல் சிகரெட். பிறகு யோகராசா.

யோகராசா அவருடைய வகுப்பு. வெறுங்காலோடு பந்தை உதைத்தானென்றால் எங்கே போக வேண்டும் என்று அதற்கே தெரியும். சோடாப் போத்தலைப் பல்லால் திறக்கப் போய் முன்பல்லில் பாதியை உடைத்துக்கொண்டவன். விளையாட்டு முடிந்து இரண்டு பேரும் ஒரு பணிஸ் வாங்கினால், "ஓடுறவனுக்குப் பெரிய பாதி" என்று பெரிய துண்டைப் பிடுங்கிவிடுவான். பதினேழு வயதில் ஒருநாள் பருத்தித்துறைக்குப் போட்டு வாறன் மச்சான் என்று கறுப்புச் சைக்கிளில் போனான். இரண்டு நாள் கழித்து யாரோ சைக்கிளை மட்டும் கொண்டுவந்து அவன் வீட்டுப் படலையில் சாத்திவிட்டுப் போனார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத் திடலுக்கும் வேலி இருந்தது. கிளுவை மரம் நட்ட வேலி. அதில் யாரும் நின்றதாகக் கனகேந்திரனுக்கு ஞாபகம் இல்லை. அப்போது அவருக்கு வேலியைப் பார்க்கத் தெரியாது. நாற்பத்தொரு வருடமாக யோகராசாவை ஞாபகம் வைத்திருப்பது அவர் ஒருவர்தான். தாய் தகப்பனும் போய்விட்டார்கள். இதையும் கொடுத்துவிட்டால் அவன் எங்கே இருப்பான்? ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்துக் காருக்கு வந்தவர் கண்டும் காணாததுபோலப் போனார்.

மூன்றரைக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"கடைசிப் பக்கத்தை முதலில் நிரப்பலாமா?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கத்தையும் முதலில் நிரப்பலாம்."

காலியாகும் முதுமைக்கு உரியவர் என்ற இடத்தில், கந்தையா யோகராசா, கரவெட்டி, என்று எழுதினார். பிறந்த தேதி தெரியும். அதையும் எழுதினார்.

"தற்போதைய முகவரி?"

அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

"தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்," என்றாள் அவள். "பலருக்கும் தெரிவதில்லை."

எழுத்து ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்தார். அந்தப் பெண் சீல் குத்தினாள். வெளியே வந்தபோது, காருக்குள் ஏன் அவ்வளவு நேரம் இருந்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை. கண்கள் எரிந்தன. மகரந்தக் காலம், ஒவ்வாமையாக இருக்கும் என்று மருந்துக்கடைக்குப் போனார்.

அடுத்த நாள் காலை முகம் மழிக்கும்போது இடது புருவத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. டண்டினோங் வீட்டு முற்றத்தில் மூன்று சில்லுச் சைக்கிளால் விழுந்தது. அம்மா உறைந்த பட்டாணிப் பொதியை எடுத்து வைத்தாள். அவர் அதைச் சுற்றிக் கவனமாக மழித்தார்.

மண்டபத்தில் நிதுர்சனின் பெயரைப் பத்தொன்பதாவதாக வாசித்தார்கள். வாசித்தவர் அதைக் கொஞ்சம் கடித்துக் குதறித்தான் வாசித்தார். சுகிர்தா கதிரையில் ஏறி நின்று கை தட்டினாள். நிதுர்சன் மேடையில் கழகத்தின் சட்டையை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடினான். கனகேந்திரனைக் கண்டதும், தேடியது கிடைத்தவனாக உட்கார்ந்தான்.

பங்குனியில் புதிய பருவத்தின் முதல் ஆட்டம். நல்ல வெயில். கனகேந்திரன் சலுகைச் சீட்டு வாங்கிக்கொண்டு ஸ்கோர் பலகைக்குக் கீழே போய் நின்றார். வலது முழங்காலில் இலேசான வலி. அந்தக் காயம் இன்னும் ஆறு வருடத்தில், ஒரு ஈரமான திடலில் படும். பெரிய விஷயமில்லை, ஒன்பது வாரத்தில் ஆறிவிடும்.

சுகிர்தா வந்து பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள். அவருடைய சட்டைக் காலரை இழுத்துவிட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று, ஆசை தீர, உச்சந்தலையிலிருந்து சப்பாத்து வரைக்கும் பார்த்தாள்.

"நல்லாத்தான் வந்திருக்கிறாய்," என்றாள். "சாப்பிடு அப்பன். ஆறப்போகுது."

"ஓமம்மா."

அவள் போன பிறகு ஒருவர் பழைய கறுப்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வேலியில் சாத்தினார். அறுபது வயது மதிக்கலாம். ஜாக்கெட் புதிது, விலைச்சீட்டு இன்னும் கழுத்தில் தொங்கியது. காலில் செருப்பு இல்லை. கனகேந்திரனுக்குப் பக்கத்தில் வந்து, தெரிந்த ஆளிடம் வந்து நிற்பதுபோல நின்றார்.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கனகேந்திரன் மரியாதைக்குக் கேட்டார்.

"ஒருத்தரையும் இல்லை. சும்மா காத்து வாங்க வந்தனான்."

சிரித்தபோது முன்பல் பாதி உடைந்திருந்தது. கனகேந்திரனுக்கு ஆளைத் தெரியவில்லை. திடலில் நிதுர்சன் பந்தை எடுத்துக்கொண்டு உதைக்க ஓடினான். கனகேந்திரன் கண்ணை மூடவில்லை. பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனது.

வந்தவர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி தா மச்சான்," என்றார். "ஓடுறவனுக்குப் பெரிய பாதி."

கனகேந்திரன் ரோலைப் பிட்டுப் பெரிய பாதியை அவரிடம் கொடுத்தார். அவர் ஒரே வாயில் அதைப் போட்டுக்கொண்டு, வேலியில் முழங்கையை ஊன்றி, மென்று விழுங்கினார்.

"உறைப்புக் காணாது," என்றார்.

அடுத்த கிழமை அம்மாவிடம் சொல்வதாகக் கனகேந்திரன் சொன்னார்.